பூஜ்ஜியத்தில் இரண்டு வகை

பெரியவர்: ...சத்தியமா சொல்றேம்மா, இதுல ஒரு எழுத்துகூட நான் கூட்டிச் சொல்லல. உக்காந்திருக்கோமே, இந்த பெஞ்சு மேல ஆணை. சந்தேகம்னா பெஞ்சையே கேட்டுக்குங்க.

கண்ணாடிக்காரம்மா: பெஞ்சை விடுங்க ஐயா. அந்த உடும்பு... நிஜமாவே காலை நீட்டுச்சா?

பெரியவர்: நீட்டுச்சாவா? என் பொண்ணு ஒரு கால் நகத்துக்குச் சாயம் பூசி முடிச்சா. பூசிட்டு, போன்னு விட்டா. போகல. அப்படியே திரும்பி நின்னு அடுத்த காலைக் காமிச்சுது.

கண்ணாடிக்காரம்மா: என்ன கலரு?

பெரியவர்: சிவப்பு. என் சம்சாரத்தோட நகப்பூச்சு. இன்னிக்கு வரைக்கும் அலமாரியில தேடிக்கிட்டிருக்கா, பாவம்.

கண்ணாடிக்காரம்மா: உடும்புக்கு எதுக்குங்க நகப்பூச்சு? கல்யாணமா, காட்சியா?

பெரியவர்: அழகுக்குன்னு நினைச்சீங்களா? கணக்குக்கு! இன்னிக்குக் கொஞ்சம் உடும்பைப் பிடிச்சு நகத்துல பூசி விட்டுடறது. அடுத்த வாரம் போய் மறுபடி கொஞ்சம் பிடிக்கிறது. மாட்டினது எல்லாம் சிவப்பு நகமா இருந்தா, அந்த இடத்துல இருக்கிறதே அவ்வளவுதான். வெறும் நகமா மாட்டுச்சுன்னா, நாம பாக்காதது இன்னும் ஏகப்பட்டது உள்ள கிடக்குன்னு அர்த்தம். எப்படி?

கண்ணாடிக்காரம்மா: நல்லாத்தான் இருக்கு... இதெல்லாம் உங்க பொண்ணு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்களா?

பெரியவர்: சொல்லிக் குடுக்கல. சொல்லிப் பாத்தா. சமையல்கட்டுல நின்னுக்கிட்டு, என்னை ஸ்டூல்ல உக்கார வச்சு, நான்தான் பரீட்சை அதிகாரின்னு நினைச்சுக்கிட்டு ஒரு மாசமா ஒப்பிச்சா. நடுவுல நான் தூங்கினா எழுப்பி மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பா.

கண்ணாடிக்காரம்மா: அப்ப உள்ள இருக்கிறது...

பெரியவர்: என் பொண்ணேதான். அந்தக் கதவுக்குப் பின்னாடி. அவ ஒருத்தி, எதிர்ல மூணு பேரு. கேள்வி கேக்கறாங்க. சரின்னுட்டாங்கன்னா இன்னிக்கு சாயங்காலம் டாக்டர் பட்டம். இல்லைன்னுட்டாங்கன்னா மறுபடி தலைப்பாகையைக் கட்டிக்கிட்டு புதருக்குள்ள போகணும். முழுசா ஒரு மழைக்காலம்.

கண்ணாடிக்காரம்மா: தலைப்பாகையா?

பெரியவர்: அட்டைப்பூச்சிக்கு. உங்களுக்கு இங்க என்ன வேலைம்மா?

கண்ணாடிக்காரம்மா: எனக்கா... ஒரு கையெழுத்து வாங்கணும். கூப்பிடுவாங்க. உக்காந்திருக்கேன்.

பெரியவர்: நல்லது. உக்காருங்க. எனக்கும் பேச்சுத் துணையாச்சு.

கண்ணாடிக்காரம்மா: பொண்ணு நல்லா படிச்சிருப்பாங்க. அப்புறம் என்ன பயம்?

பெரியவர்: பயமா? எனக்கா? இது தொடை தன்னால ஆடுது, வயசாச்சுல்ல. பயம் படிப்பைப் பத்தி இல்லம்மா. அவ கைடு ஒருத்தர் இருக்காரு பாருங்க...

கண்ணாடிக்காரம்மா: கைடா? ஆராய்ச்சிக்கு வழி காட்டறவரா?

பெரியவர்: ஆமாம். பெரிய மீசை.

கண்ணாடிக்காரம்மா: ...மீசையா?

பெரியவர்: சாதாரண மீசை இல்ல. காலையில காலேஜுக்கு முதல்ல மீசை வரும். கதவைத் திறந்து, ஃபேனைப் போட்டு வச்சிருக்கும். அரை மணி கழிச்சு அவரு வருவாரு.

கண்ணாடிக்காரம்மா: ம்ம். அவரு என்ன பண்ணாரு?

பெரியவர்: வாய்க்கால் ஒண்ணு. அதுக்கு ரெண்டு கரை. இந்தப் பக்கம் புதரை எல்லாம் வெட்டி மொட்டையா வச்சிருக்காங்க. அந்தப் பக்கம் வெட்டாம விட்டிருக்காங்க, ஆள் உசரத்துக்கு. எந்தப் பக்கம் உடும்பு அதிகம்? இதான் கேள்வி. என் பொண்ணு ரெண்டு பக்கமும் கட்டம் கட்டமா கயிறு கட்டி எண்ணினா. மொட்டைப் பக்கம் இங்க நாலு, அங்க அஞ்சுன்னு கண்ணுல பட்டுச்சு. புதர்ப் பக்கம் பாத்தா... கட்டத்துக்குக் கட்டம் பூஜ்ஜியம்.

கண்ணாடிக்காரம்மா: அப்ப மொட்டைப் பக்கம்தான் அதிகம்.

பெரியவர்: மீசை சொன்ன அதே வார்த்தை! "இந்தப் பக்கச் சராசரி இவ்வளவு, அந்தப் பக்கச் சராசரி அவ்வளவு, எல்லாரும் போடற கணக்குச் சோதனையைப் போடு, வித்தியாசம் பெருசா வரும், எழுதிக் குடு, பட்டத்தை வாங்கு." போட்டுப் பாத்தா வித்தியாசம் நிஜமாவே பெருசா வந்துச்சு. மலை மாதிரி.

கண்ணாடிக்காரம்மா: வந்துச்சுல்ல? அப்புறம் என்ன?

பெரியவர்: அப்புறம் என்னவா? அதைப் படிக்கிறவன் என்ன பண்ணுவான்? உடும்பு பெருகணும்னா புதரை வெட்டுங்கடான்னு கத்தியோட கிளம்பிடுவான்! என் பொண்ணு மாட்டேன்னுட்டா. "இது தப்பான சோதனை. என் கணக்குக்கு இந்தச் சட்டை பத்தாது"ன்னுட்டா.

கண்ணாடிக்காரம்மா: கைடுகிட்டயேவா?

பெரியவர்: மீசைகிட்டயே. முகத்துக்கு நேரா. அந்தச் சோதனை எப்பப் பொருந்தும் தெரியுமா? எண்ணினதை எல்லாம் குவிச்சா ஒரு குன்று மாதிரி நிக்கணும். நடுவுல உசரம், ரெண்டு பக்கமும் சரிவு. இவ எண்ணினது குன்றா? தரை. முழுக்கப் பூஜ்ஜியம், பொட்டல் தரை. நடுவுல அங்கொண்ணும் இங்கொண்ணுமா கொடிக்கம்பம் நட்ட மாதிரி நாலு, அஞ்சு. இதுக்குப் போய் சராசரி போட்டா, அரை உடும்பு, கால் உடும்புன்னு வரும். கால் உடும்பை யாரு பாத்திருக்கா?

கண்ணாடிக்காரம்மா: சராசரின்னா அப்படித்தான் வரும் ஐயா. அதுக்காக...

பெரியவர்: இருங்க, இருங்க. விஷயம் பூஜ்ஜியத்துல இருக்கு. பூஜ்ஜியத்துல ரெண்டு வகை. ஒண்ணு, உடும்பு இல்ல, அதனால பூஜ்ஜியம். இன்னொண்ணு, உடும்பு அங்கதான் இருக்கு, உன் கண்ணுக்குப் படல, அதனால பூஜ்ஜியம். எழுதறப்ப ரெண்டும் ஒரே முட்டைதான். அர்த்தம் வேற. என் சம்சாரம் ஞாயித்துக்கிழமை காலையில "எங்க இருக்கீங்க"ன்னு கூப்பிடுவா. ஒட்டடை அடிக்க ஆள் வேணும். நான் பேப்பருக்குப் பின்னாடி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அவ கணக்குல நான் பூஜ்ஜியம். ஆனா வீட்டுலதானே இருக்கேன்?

கண்ணாடிக்காரம்மா: கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?

பெரியவர்: அதான் பாயிண்ட்டு! ஒரு தடவை வந்து பாத்தா தெரியாது. மூணு தடவை வந்து பாத்தா ஒரு தடவையாவது தும்மிடுவேன். என் பொண்ணும் அதைத்தான் பண்ணா. ஒரே கட்டத்துக்குத் திரும்பத் திரும்பப் போனா. இருந்தும் எத்தனை தடவை கண்ணுல படாம போச்சுன்னு முதல்ல ஒரு கணக்கு. அப்புறம் நிஜமா எத்தனை கட்டத்துல இருக்குன்னு அது மேல ஒரு கணக்கு. ரெண்டையும் சேத்துப் பிசையற முறை ஒண்ணு இருக்கு. அதைத்தான் எடுத்தா.

கண்ணாடிக்காரம்மா: எடுத்து?

பெரியவர்: மலை கரைஞ்சு போச்சு. புதர்ப் பக்கமும் உடும்பு இருக்கு, ஒளிஞ்சிருக்கு. ரெண்டு கரைக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. அவ்வளவுதான் சொல்ல முடியும்னு வந்துச்சு.

கண்ணாடிக்காரம்மா: பெரிய முடிவைக் கையில வச்சுக்கிட்டு, சின்ன முடிவை எழுதிக் குடுத்தாங்களா?

பெரியவர்: ஆமாம். என் பொண்ணு. நான் பெத்தது. ஒரு உடும்பு ஓடினா ஒன்பது ஓடிச்சுன்னு சொல்ற என் வயித்துல...

கண்ணாடிக்காரம்மா: என்னது?

பெரியவர்: ஒண்ணுமில்ல. சும்மா ஒரு பேச்சுக்கு.

கண்ணாடிக்காரம்மா: ...ஒருவேளை அந்தக் கைடுக்கு ஒரு கோணம் இருந்திருக்கும் ஐயா. நாள் கடந்து போகுது, பொண்ணு எப்படியாவது கரையேறணும்னு நினைச்சிருப்பாங்க. நினைச்சிருப்பாரு.

பெரியவர்: நீங்க ஏம்மா மீசைக்கு வக்காலத்து வாங்கறீங்க?

கண்ணாடிக்காரம்மா: நான் எதுக்கு வாங்கறேன்... பொதுவாச் சொன்னேன்.

பெரியவர்: பொதுவா நானும் நல்லவன்தான். கேமரா விஷயம் கேளுங்க, அப்புறம் சொல்லுங்க. மரத்துல கேமரா கட்டி வச்சா. எது முன்னாடி வந்தாலும் தானாப் படம் பிடிக்கும். ஒரு மாசம் கழிச்சுத் திறந்தா... உடும்பு, உடும்பு, உடும்பு! முன்னூறு படம். மீசை துள்ளிக் குதிச்சுது. "கூட்டம் கூட்டமா இருக்கு, முன்னூறையும் கணக்குல போடு!" என் பொண்ணு ஒவ்வொரு படமாப் பாத்தா. எல்லாத்துலயும் வால் நுனியில ஒரே இடத்துல கடி.

கண்ணாடிக்காரம்மா: ஒரே உடும்பா?

பெரியவர்: ஒரே உடும்பு. படம் எடுக்கறாங்கன்னு தெரிஞ்சுபோச்சு அதுக்கு. முதல் வாரம் நேராப் பாத்துது. ரெண்டாவது வாரம் பக்கவாட்டுல திரும்பி நின்னுது. கடைசிப் படத்துல ஒரு பூவை வாயில வச்சுக்கிட்டு...

கண்ணாடிக்காரம்மா: ஐயா.

பெரியவர்: பெஞ்சு மேல ஆணை! நீங்களே சொல்லுங்க, ஒரே ஆள் முன்னூறு தடவை சாட்சிக் கூண்டுல ஏறிச் சொன்னா, அது முன்னூறு சாட்சியா? ஒரு சாட்சிதானே? அதையும் சொல்லி மீசையை உக்கார வச்சா.

கண்ணாடிக்காரம்மா: ...அது அவசரத்துல வர்ற தப்பு. எல்லாருக்கும் வரும்.

பெரியவர்: வரும், வரும். கொஞ்சம் நகருங்கம்மா, டீ போகுது... தம்பி, உள்ளயா? எத்தனை கப்பு?... மூணுதான் போகுது, பாத்தீங்களா? என் பொண்ணுக்கு இல்ல!

கண்ணாடிக்காரம்மா: வழக்கமா மூணுதான் குடுப்பாங்க.

பெரியவர்: நிக்க வச்சுக் கேக்கறாங்க, எதிர்ல உக்காந்து டீயும் குடிக்கறாங்க. நல்ல ஊர்!

கண்ணாடிக்காரம்மா: இவ்வளவு நேரம் சத்தம் கேட்டுது. இப்ப ஒண்ணுமே கேக்கல...

பெரியவர்: கேக்கலைன்னா பேசலைன்னு அர்த்தமா? கதவு தடிமனா இருக்கலாம்.

கண்ணாடிக்காரம்மா: அதுவும் ரெண்டு வகைப் பூஜ்ஜியமா?

பெரியவர்: பிடிச்சுக்கிட்டீங்க பாத்தீங்களா! நீங்களும் ஸ்டூல்ல உக்காந்திருந்தா டாக்டர் ஆயிடுவீங்க.

கண்ணாடிக்காரம்மா: உள்ள நடுவுல உக்காந்திருக்காரே, வெளியூர்லருந்து வந்தவரு... அவரு அந்தச் சராசரிச் சோதனையைப் பத்திப் புத்தகமே எழுதினவரு. அது தெரியுமா உங்களுக்கு?

பெரியவர்: தெரியும். அதான் தொடை ஆடுது. வயசு இல்ல. இதுல மீசை கடைசியா என்ன சொல்லுச்சு தெரியுமா? "நீ எடுத்த முடிவு, நீயே பதில் சொல்லிக்கோ. நான் உனக்காக ஒரு வார்த்தை பேச மாட்டேன்." அதை அவ வீட்டுக்கு வந்து சொன்னப்ப சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்திருந்தா. கையைக் கழுவிட்டு எழுந்துட்டா. அன்னிலருந்து சரியாத் தூங்கல. நடுநடுவுல எழுந்து, "அப்பா, நான் சரியாத்தானே எடுத்திருக்கேன்?"னு கேப்பா. எனக்கு என்ன தெரியும்? சரிம்பேன். நான் சரின்னு சொன்னா அது ஒரு சரியா?

கண்ணாடிக்காரம்மா: ...அவங்க... அந்தக் கைடு... ஒருவேளை வீட்டுல தனியா உக்காந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பாத்திருக்கலாம்.

பெரியவர்: பாத்திருந்தா?

கண்ணாடிக்காரம்மா: சரியா வந்திருக்கும். பொண்ணு சொன்னதுதான் சரின்னு தெரிஞ்சிருக்கும்.

பெரியவர்: எப்பத் தெரிஞ்சிருக்கும்?

கண்ணாடிக்காரம்மா: ரெண்டு மாசம் இருக்கும்னு வைங்க.

பெரியவர்: ரெண்டு மாசம்! ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தா என் பொண்ணு ரெண்டு மாசமும் தூங்கியிருப்பாளேம்மா.

கண்ணாடிக்காரம்மா: சொல்லணும்னு போனை எடுத்திருப்பாரு. எடுத்துட்டுக் கீழ வச்சிருப்பாரு.

பெரியவர்: ஏன்?

கண்ணாடிக்காரம்மா: மீசை குறுக்க வந்திருக்கும்.

பெரியவர்: ஆங்... அது வரும். பெரிய மீசை.

கண்ணாடிக்காரம்மா: இன்னொண்ணும் கேக்கறேன். எந்த முறைன்னு முடிவு பண்றப்ப, பதிலைப் பாத்துட்டு முடிவு பண்ணாங்களா? இல்ல...

பெரியவர்: இப்பக் கேட்டீங்களே, அது கேள்வி! கடையில சட்டை போட்டுப் பாக்கற மாதிரி ஒவ்வொரு சோதனையா மாட்டிப் பாத்து, எது எடுப்பா இருக்கோ அதை வாங்கிட்டு வர்றவங்க இருக்காங்களாம். இவ அப்படி இல்ல. மீசை அவசரப்பட்டு அந்த மலையைக் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே, கம்ப்யூட்டரைத் திறக்காம என்னை எதிர்ல நிக்க வச்சு, "அப்பா, நான் இந்த முறையைத்தான் போடப் போறேன். பதில் எப்படி வந்தாலும் மாத்த மாட்டேன். நீங்க சாட்சி"ன்னா. நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டு விறைப்பா நின்னேன். என் வாழ்க்கையில என்னை ஒருத்தர் நம்பிச் சாட்சியா நிக்க வச்சது அது ஒரு தடவைதாம்மா.

கண்ணாடிக்காரம்மா: அதை என்கிட்ட அவ சொல்லவே இல்லியே...

பெரியவர்: உங்ககிட்ட எதுக்கும்மா சொல்லணும்?

கண்ணாடிக்காரம்மா: அது வந்து... கதவு திறக்குது பாருங்க.

பெரியவர்: எழுந்துக்கலாமா? உக்காந்தே இருக்கலாமா?

மகள்: மேடம்! உங்களை உள்ள கூப்பிடறாங்க.

கண்ணாடிக்காரம்மா: வரேன். எப்படிப் போச்சு?

மகள்: தெரியல மேடம். நடுவுல இருந்தவரு, "வழக்கமான சோதனையைப் போட்டிருந்தா பெரிய முடிவு கிடைச்சிருக்குமே, ஏன் விட்டே"ன்னு கேட்டாரு. "கண்ணுல பட்டதெல்லாம்தான் இருக்குன்னு உங்க புத்தகம் நினைக்குது சார், என் கட்டத்துல அப்படி இல்ல"ன்னு சொல்லிட்டேன். வாயில வந்துடுச்சு. அப்புறம் யாரும் ஒரு வார்த்தை பேசல.

பெரியவர்: அவரு மூஞ்சிக்கு நேராவா? அப்படிப் போடு!

மகள்: அப்பா, சும்மா இருங்க. மேடம், உங்க பேரையும் சேத்துக் கெடுத்துட்டேனோன்னு...

கண்ணாடிக்காரம்மா: இங்க பாரு. நான் உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோ. அவங்க என்ன முடிவு சொன்னாலும் சரி. உன் கணக்கை நான் முதல்லருந்து கடைசி வரைக்கும் போட்டுப் பாத்தேன். ரெண்டு மாசம் முன்னாடியே. நீ எடுத்ததுதான் சரி. நான் சொன்னது தப்பு. அன்னிக்கே சொல்லியிருக்கணும்.

மகள்: மேடம்...

கண்ணாடிக்காரம்மா: அழாதே. இதைத்தான் உள்ள போயும் சொல்லப் போறேன். கதவைப் பிடி.

மகள்: ...அப்பா, மேடம்கிட்ட என்ன சொன்னீங்க?

பெரியவர்: நானா? யாரோ ஒரு அம்மா வந்து உக்காந்தாங்க. பொதுவா நாட்டு நடப்பு பேசிக்கிட்டிருந்தோம்.

மகள்: பொய்! அவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?

பெரியவர்: அஞ்சு வருஷமா உன் போன் ஸ்பீக்கர்ல "திருப்பிப் போடு, திருப்பிப் போடு"ன்னு கேட்ட குரல். எனக்குத் தெரியாதா? வாயைத் திறந்தவுடனே தெரியும்.

மகள்: அப்புறம் ஏன்ப்பா...

பெரியவர்: அவங்களும் சொல்லல, நானும் கேக்கல. கையைக் குடு. ஏன் இவ்வளவு ஜில்லுன்னு இருக்கு?

மகள்: நீங்க ஏன் நடுங்கறீங்க?

பெரியவர்: பெஞ்சு ஆடுது.

மகள்: ...கதவு திறக்குதுப்பா.

கண்ணாடிக்காரம்மா: டாக்டரம்மா! கொஞ்சம் உள்ள வந்து கையெழுத்துப் போட முடியுமா?

மகள்: மேடம்! நிஜமாவா?

கண்ணாடிக்காரம்மா: புத்தகம் எழுதினவரு என்ன சொன்னாரு தெரியுமா? அடுத்த பதிப்புல உன் அத்தியாயம் ஒண்ணு வேணுமாம். எழுதித் தருவியான்னு கேக்கச் சொன்னாரு.

பெரியவர்: கேட்டுச்சா? புத்தகத்துல அத்தியாயம்! ஏ தம்பி, டீ தம்பி! நாலாவது கப்பைக் கொண்டா!

கண்ணாடிக்காரம்மா: அஞ்சாவதும். ஏன் பெரியவரே, எனக்கு எதுக்கு மீசை வச்சீங்க?

பெரியவர்: அடையாளம் தெரியக் கூடாதுல்லம்மா. ஒரு மரியாதைக்கு.

கண்ணாடிக்காரம்மா: தெரிஞ்சேதான் இவ்வளவும் சொன்னீங்களா?

பெரியவர்: தெரிஞ்சேதான் இவ்வளவும் கேட்டுக்கிட்டிருந்தீங்களா?

மகள்: ரெண்டு பேரும் எதைச் சொல்றீங்க?

கண்ணாடிக்காரம்மா: உங்க அப்பா உன் ஆராய்ச்சி மொத்தத்தையும் ஒண்ணு விடாம சொன்னாரும்மா. கணக்குல ஒரு பிசகு கிடையாது. எனக்கு அந்த உடும்பு நகத்தை மறக்கத்தான் முடியல.

மகள்: உடும்பா? எந்த உடும்பு? மேடம், நான் எண்ணினது முழுக்கப் புல்லு. என் ஆராய்ச்சியில கால் இருக்கிற ஜீவன் ஒண்ணுகூடக் கிடையாது.